ஈல்டன் ஏரியில் ரெட்ஃபின் கடித்த காலை

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
19.03.2025

அன்புள்ள தம்பி சிறிக்கு,

நீங்களும் யோகாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். நாங்களும் இருக்கிறோம்.

போன கிழமை வாட்சப்பில் கேட்டிருந்தீர்கள், அண்ணா இந்த முறை ஏரிக்குப் போனாரா, தண்ணீர் எப்படி, மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் நின்று கதைத்தால் உங்கள் அண்ணாவுக்குக் கேட்கும். அதனால் வேலை இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் அதையே திரும்பவும் செய்கிறேன். முறைப்பாடாகச் சொல்லவில்லை. தோள் நோகிறது, அவ்வளவுதான்.

ஏரிக்குப் போனோம். இரண்டு கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. ஜூலையில் பாரிசவாதம் வந்த பிறகு அவருக்கு வலது கை இல்லை, பேச்சும் இல்லை. மிஞ்சியது ஓம், இல்லை, போவம், பிறகு என்னுடைய பெயர். பெப்ரவரி பாதியில் கோடை தணிந்து காலைகளில் கொஞ்சம் குளிரத் தொடங்கியதும், கராஜில் மூடிக் கிடந்த மீன்பிடிக்கும் மோட்டர் போட்டைக் காட்டி ஒவ்வொரு நாளும் "போவம், போவம்" என்றார். உங்களுக்குத் தெரியும், இருபது வருடமாக மார்ச் வந்தால் அவரை வீட்டில் பிடித்துவைக்க முடியாது. நான் ஒரு நாளும் கூடப் போனதில்லை. மீன் வெட்டும்போது வரும் மணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பிரஷாந்தன் பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து போட் ஏற்றும் ட்ரெயிலரை எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று பழக்கினான். ஐந்தாம் நாள்தான் நேராகப் போனது. "நானும் வரட்டோ அன்ரி?" என்று கேட்டான். நான் பதில் சொல்ல முன்னம் இவர் "இல்லை" என்றார். ஆம்பிளையின் ரோசம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்ட விபரங்களைச் சொல்கிறேன். தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. கோடை முழுவதும் வயல்களுக்குத் திறந்துவிட்டதில் கரை செம்மண்ணாக நீண்டு கிடக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இப்போது நெஞ்சளவு வெளியே தெரிகின்றன. அந்தப் பட்டமரங்களின் அடியில்தான் ரெட்ஃபின் மீன் கூட்டமாக நிற்கும் என்று இவர் முந்தி உங்களோடு கதைக்கும்போது கேட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் சூடு இருபது பாகை. காற்று இல்லை.

நான் போட்டை ஓட்ட, இவர் இடது கையால் வழி காட்டினார். முதல் மரத்தில் பத்து நிமிடம், ஒன்றும் இல்லை. இரண்டாவது மரத்திலும் இல்லை. மூன்றாவதில் மீன் காட்டும் சின்னத் திரையில் எட்டு மீட்டருக்குக் கீழே கறுப்பாக ஒரு கூட்டம் தெரிந்தது. கையைக் கீழே காட்டினார். போலி இரையை அடிமண்ணில் முட்டும்வரை விட வேண்டும். பிறகு தங்கூசி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, தடியை மெதுவாக உயர்த்தி, விழ விட வேண்டும். விழும்போதுதான் கடிக்கும். நான் அவசரப்பட்டு உயர்த்தினால் என் முழங்கையில் தட்டுவார்.

முதல் மீன் வந்தது. பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், வயிற்றுப் பக்கம் செட்டைகள் இரத்தச் சிவப்பு. அங்கே கனடாவில், உங்கள் நோர்த் பே ஏரியில் நீங்களும் யோகாவும் செப்டெம்பரில் பிடித்த வோல்ஐ மீனின் படத்தைப் பார்த்திருக்கிறேன். முதுகு முள்ளு அதே மாதிரித்தான், இது கொஞ்சம் கட்டை. இரண்டாவது வந்தது. மூன்றாவது, நாலாவது. தம்பி, உண்மையைச் சொன்னால் நான் அந்த நேரம் அவரை மறந்துபோனேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காமல் ஒரு அரைமணி நேரம் இருந்தேன். அந்த அரைமணி நேரத்தைத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

ஐந்தாவது மீனைக் கழற்றி வாளியில் போடத் திரும்பினேன். அவர் போட்டின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தார். லைஃப் ஜாக்கெட்டின் கொழுவிகள் மூன்றும் கழன்று, ஜாக்கெட் ஒரு தோளில் மட்டும் தொங்கியது. என்னைப் பார்த்து "போதும்" என்றார்.

எட்டு மாதத்தில் வந்த முதல் புதுச் சொல். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வாளி நிறைந்துவிட்டது என்கிறார், வெக்கைக்கு ஜாக்கெட்டைத் தளர்த்தியிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன், காலையில் குளிருக்கு நான் கம்பளித் தொப்பி போட்டிருந்தேன், வெக்கை ஏது? ஒரு கையால் அந்த மூன்று கொழுவிகளையும் கழற்ற எவ்வளவு நேரம் எடுத்திருக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் பிடித்த நேரம் முழுவதும் எடுத்திருக்கும்.

நான் கத்தவில்லை. கத்தினால் அசைந்துவிடுவாரோ என்று பயம். தடியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டின் அடித்தளத்தில் அவருடைய காலடியில் இருந்துகொண்டு, கால்கள் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். "எனக்கும் களைப்புத்தானப்பா. ஆனா இந்தப் போட்டை ட்ரெயிலரில ஏத்த எனக்குத் தெரியாது. நீங்கள் இல்லாட்டி நான் இதிலயே நிக்க வேண்டியதுதான்." நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. ஆனால் அது உண்மை. பின்னுக்கு எடுக்க மட்டும்தான் பழகியிருந்தேன், ஏற்றப் பழகவில்லை.

அவர் குனிந்து என் தலையைப் பார்த்தார். பிறகு ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பாரிசவாத வருத்தம் வந்த பிறகு இரண்டும் ஒரே மாதிரித்தான் வருகிறது. கையை ஜாக்கெட்டுக்குள் விட்டார். நான் கொழுவிகளைப் போட்டுவிட்டேன். மேற்கிலிருந்து காற்றுக் கிளம்பித் தண்ணீர் நெளியத் தொடங்கியிருந்தது. கரைக்கு வந்தோம். அவரைக் கதிரையில் இருத்தினேன். அவர் இடது கையால் இன்னும் கொஞ்சம், நில், இழு என்று காட்டக் காட்ட, நான் முழங்கால் தண்ணீரில் நின்று போட்டை ஏற்றினேன். ஒரு மணித்தியாலம் பிடித்தது. பின்னால் தங்கள் முறைக்குக் காத்துநின்றவர்கள் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். போக முதல் அவரிடமே சொன்னேன், நடந்ததை டொக்டரிடம் சொல்லப்போகிறேன் என்று. "ஓம்" என்றார். இப்போது மனதுக்கு ஒரு குளிசை. வியாழன் பின்னேரம் ஒரு பெண் வந்து படங்கள் உள்ள அட்டைகளை வைத்து அவரோடு கதைக்கிறாள். நான் வேலையை மூன்று நாளாகக் குறைத்துவிட்டேன். சிட்னியில் இருக்கும் மகள் மயூராவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மாதக் கர்ப்பம், தெரிந்தால் அங்கிருந்து பத்து மணித்தியாலம் காரோட்டி வந்துவிடுவாள். உங்களுக்கும் உடனே சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஒக்ரோபருக்குப் பிறகு நீங்கள் அவரோடு கதைக்கவில்லை. அன்று அவருக்குச் சொல் வராமல் போனை எறிந்ததும், அந்தப் பக்கம் நீங்கள் அழுததும் எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு மட்டும் செய்தி அனுப்புகிறீர்கள் என்றும் தெரியும். கோபம் இல்லை தம்பி. எனக்கும் சில நாள் அந்த அறைக்குள் போக மனம் வராமல் குசினியிலேயே நிற்பேன். ஆனால் அவருக்குச் சொல்தான் இல்லை, காது இருக்கிறது. உங்கள் குரல் கேட்டால் தலையைத் திருப்புவார். நீங்களே கதையுங்கள். வீட்டுக் கவலை வேண்டாம், பழைய ஊர்க் கதையும் வேண்டாம். உங்கள் ஏரியில் பனி எத்தனை அடி என்று சொல்லுங்கள். இடையில் அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள், போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

யோகாவுக்கு என் அன்பு. அவளுடைய முழங்கால் கெதியாகச் சுகமாக வேண்டும். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கும்பிடுகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் எனக்குக் காலை வேலை. பராமரிக்க வருபவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். அதற்கு முதல் பிரஷாந்தனின் தாய் நாகேஸ்வரி அக்கா ஒன்பது மணிவரை வந்து இருக்கிறா, பிறகு அவவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை அவர் தனியே. உங்களுக்கு அது முதல்நாள் பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை. அந்த நேரம் அவருக்குப் போன் எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
கல்யாணி