கிணற்றடியில் நின்ற அரபிக்கா

மாமி,

நேற்று மகள் மட்டக்களப்பு டவுனிலிருந்து அரபிக்காக் கோப்பித்தூள் வாங்கி வந்தாள். பையைப் பிரித்ததும் வாசம் வீடெல்லாம் பரவியது. நீங்கள் இறந்து ஆறு மாதமாகிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

கல்யாணமாகிக் கொக்கட்டிச்சோலைக்கு வந்த வருடம், மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பா ஓர் அரபிக்காக் கன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். குளிரும் பனியும் கேட்கிற சாதி, இந்த வெக்கையில் பிழைப்பது சந்தேகம் என்றார். கிணற்றடி மாமர நிழலில் தானே நட்டார். வேர் மேலாகத்தான் ஓடும், அடியைக் கொத்தாதே, சருகு மட்டும் போடு என்று சொல்லிப்போனார்.

"தோட்டக்காட்டுச் சாமானெல்லாம் இஞ்ச எதுக்கு?" என்று அவர் காதில் விழவே கேட்டீர்கள். மலைநாட்டுத் தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது.

இலையோரம் கருகிக் கருகியே அது வளர்ந்தது. பூக்கவில்லை. அப்பா இறந்த மறுவருடம், நீண்ட வெயிலுக்குப் பின் பெய்த மழையில் கொப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. மல்லிகை போல மணத்தது. அப்போது மகள் என் வயிற்றில். காய் பழுக்க மாதக்கணக்காகும். வெக்கையில் பாதி உதிர்ந்தது. மிஞ்சியவை சிவக்கத் தொடங்கிய நேரம் எனக்கு வலி கண்டது.

பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கிணற்றடியில் அடிக்கட்டை மட்டும் நின்றது. முற்றத்தில் என் குளிப்புக்குத் தண்ணீர் கொதித்தது. பச்சைக் கொப்புகள் எரியாமல் புகைந்தன, பழங்களோடு. காய்ந்த விறகு கொட்டிலில் அடுக்கியபடியே கிடந்தது.

"உன்ட குளிப்புக்குத்தானே புள்ள வெட்டின" என்றீர்கள். உங்கள் மகன் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தத் தண்ணீரை நீங்களே என் தலையில் ஊற்றினீர்கள்.

பாரிசவாதத்தில் நீங்கள் விழுந்தபின் உங்களைக் கழுவித் துடைத்தது நான்தான். கடைசி நாட்களில் ஒருமுறை, ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நீ அந்த மரத்தடியில நிக்கிறதப் பார்த்தா, என்ட மகனையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருவாய் எண்டு பயம்."

அம்மாவை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று அவர் கல்யாணமான மாதமே என்னிடம் சொல்லிவிட்டதையும், பிறகு நான் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னேன். 

"இத முதலே சொல்லியிருக்கலாமே புள்ள."

அந்தப் பழியையும் என்மேல் போட்டுவிட்டுத்தான் போனீர்கள். நல்ல மருமகள் என்று ஊர் சொல்கிறது. உங்களோடு என் சண்டை இன்னும் முடியவில்லை, மாமி. அதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.