நான்காம் பாகத்தில் ஆரம்பித்தவர்கள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். உங்கள் மகளும் நானும் அந்த விண்வெளிப் படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். எனக்கு எல்லாமே புதிது. நான்காம் பாகத்தில் ஆரம்பித்தோம். அடுத்து ஒன்றா, ஐந்தா? இணையத்தில் ஆளுக்கொரு வரிசை சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். "எங்கப்பாவைக் கேட்டா தெரியும்" என்றாள் உங்கள் மகள். சொன்னவள் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால் நானே கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 11

பல் டாக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. அச்சடித்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் என் மகளின் கல்யாணத் தேதியே எனக்குத் தெரிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வராதவனிடம் படம் பார்க்க யோசனை கேட்கிறீர்கள். துணிச்சல்தான்.

நான்காம் பாகத்திலா ஆரம்பிப்பார்கள்? நான் பள்ளிக்கூடம் போகாதவன். லாரிப் பட்டறையில் வேலை முடித்து வந்து, திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்தே அந்த மொழியைக் கற்றேன். எனக்குத் தெரிந்தது படித்தவர்களுக்குத் தெரியாதா?

படங்கள் வெளிவந்த வரிசைதான் வரிசை. முதல் மூன்று பாகங்களில் தளபதி அகதிகள் கப்பலை நடுவழியில் கைவிட்டுப் போகிறான். பார்ப்பவனுக்கு வயிறு எரிய வேண்டும். "அப்பா, இவன் மனுசனா?" என்று தியேட்டரில் முன் நாற்காலியை உதைத்தாள், அப்போது சின்னப் பெண்ணாக இருந்த என் மகள். அந்த நாற்காலிக்காரரிடம் நான் திட்டு வாங்கினேன். பல வருடம் கழித்து வந்த நான்காம் பாகம்தான் தளபதியின் இளமைக் கதை. ஏன் அப்படிச் செய்தான் என்று அதில்தான் தெரியும். காரணத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? நிறுத்துங்கள். ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் திறக்காமலா இருந்தாள்? கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டேன். வாய் திறக்காமல் இருக்கவில்லை. நான்கில் ஆரம்பிக்கலாம் என்று சொன்னதே அவள்தான். "ஏன்?" என்றேன். முதலில் சிரித்து மழுப்பினாள். விடாமல் கேட்டதும் சொன்னாள்:

"ஒண்ணுல இருந்து பாத்தா அவரை வெறுத்துடுவீங்க. அப்புறம் நாலாவதுல என்ன சொன்னாலும் உங்க மனசுல ஏறாது. எனக்கு அது வேண்டாம்."

டிவியை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் படத்தைப் பற்றித்தான் பேசினாள் என்று எனக்குத் தோன்றவில்லை, மாமா. கல்யாணத்துக்கு முன்னாலும் அவள் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டறைக் கரியோடு வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது, வசனம் வசனமாகப் படக் கதை சொன்னது. நீங்கள் வராத அன்று, முன்பு கேட்ட அந்த நல்லதெல்லாம் எனக்கு உதவவில்லை. கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் இருக்கிறது.

மாப்பிள்ளை

ஏப்ரல் 2

பல் டாக்டருக்கு,

அவள் செய்தது தப்பு. அவளிடம் சொல்லுங்கள். எனக்காக யாரும் வரிசையை மாற்ற வேண்டாம்.

உங்கள் கல்யாணத்தன்று பட்டறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டியும் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் பொண்ணு கல்யாணம்னு சொன்னாங்களே?" என்றார். "வேலை இருக்கு" என்றேன். இதுதான் என் முதல் பாகம். நல்லதை முன்னால் வைத்து இதை மறைக்கப் பார்க்கிறாள். என்னைக் கேட்காமல் தேதி குறித்தது இன்றும் எனக்குத் தாங்கவில்லை, அது வேறு. ஆனாலும் நான் வரவில்லை என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். உங்கள் கோபம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த நான்காம் பாகம் செல்லாது. ஒன்றிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். டிவிடி தட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, கீறல் விழாமல். இங்கே டிவி சின்னதுதான். சோபாவில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர் உட்காரலாம். நடுவில் பேசினால் எனக்குப் பிடிக்காது. அவள் பேசுவாள்.

ஏழு பாகமும் ஒரே நாளில் முடியாது. மாற்றுத் துணியோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்