பூட்டாத சைக்கிள்

அண்ணி,

உங்கள் சமையலறைத் தொட்டியின் ஓரத்தில் சீனி டப்பா திறந்து கிடக்கிறது. உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி, அதன் மேல் பாத்திரம் கழுவும் சோப்பு, இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் கிரீஸ் தன்னால் கழன்றுவிடும் என்பீர்களே, அதைத்தான் இப்போது செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கறுப்பு நுரையும் எலுமிச்சை சோப்பு வாசனையும் கிளம்பியதும், நீங்கள் பக்கத்தில் நின்று முழங்கையால் என் இடுப்பில் இடித்த மாதிரியே இருந்தது. "நல்லா தேய்ம்மா, கை என்ன கண்ணாடியா?" என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் டீக்குப் போன சீனியைவிட உன் அண்ணி கைக்குப் போன சீனிதான் அதிகம் என்று அண்ணன் முணுமுணுப்பார். கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடுகிற இவள் கையில் கிரீஸ் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன்.

போன வாரம் அண்ணனுக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தேன். உங்கள் அடுக்குமாடி புளோக் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தைக் கடக்கும்போது உங்கள் சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஓர் அட்டை தொங்கியது. கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களுக்கு டவுன் கவுன்சில் கட்டுகிற அட்டை. சொந்தக்காரர் வந்து எடுக்காவிட்டால் அடுத்த வாரம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு டயரும் காற்று இறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. செயின் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன் அண்ணி. பின் சக்கரத்தில் கட்டைவிரல் தடிமனில் ஒரு பூட்டு. உங்கள் சைக்கிளுக்குப் பூட்டு! குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

சாங்கி விமான நிலையச் சரக்குக் கூடத்தில் தள்ளுவண்டிகளுக்குச் சக்கரம் மாட்டுகிற வேலை உங்களுக்கு. வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று ஊரே கேட்டது. கல்யாணமான புதிதில் ஒருநாள், குப்பை போடுமிடத்தில் கிடந்த குழந்தை சைக்கிள் ஒன்றை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். அண்ணன் கதவருகே நின்று, "வாழ வந்த வீட்டுக்குக் குப்பையைக் கொண்டு வர்றியா?" என்று கத்தினார். நீங்கள் அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டீர்கள். "இது இன்னும் சாகலங்க" என்றீர்கள்.

அதன்பிறகு லாரி வரும் நாளெல்லாம் நீங்கள் கீழே போய் நிற்பீர்கள். லாரிக்காரரைக் கேட்டு, அவர் சரி என்றால்தான் கை வைப்பீர்கள். ஒன்றின் ரிம், இன்னொன்றின் சீட், வேறொன்றின் மட்கார்டு என்று கூட்டி ஒரு சைக்கிளை உருவாக்குவீர்கள். உங்கள் சொந்த சைக்கிளில் எந்த இரண்டு பாகமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையாக இருந்ததில்லை. வலது பெடல் கறுப்பு, இடது பெடல் சிவப்பு. அந்தச் சிவப்பு பெடலை நீங்கள் மாட்டிய அன்று நான் உதவிக்கு வந்து, ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்பித் திருப்பி வியர்த்துப் போனேன். "இடது பெடல் நாத்தனார் மாதிரிம்மா. எல்லாரும் திரும்புற பக்கம் திரும்பவே திரும்பாது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒப்பேற்றிய சைக்கிளை உருட்டிக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போவோம். ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் யாராவது கேட்டு வைத்திருப்பார்கள். "எவ்ளோக்கா?" என்பார்கள். "எனக்கும் என் நாத்தனாருக்கும் பரோட்டா வாங்கிக் குடு, போதும்" என்பீர்கள். அவர்கள் ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டியபிறகு ஒன்றே ஒன்றுதான் சொல்வீர்கள்: "ஊருக்குப் போறப்ப எங்கேயாவது பூட்டிப் போட்டுட்டுப் போயிடாத தம்பி. யார் கையிலயாவது குடுத்துட்டுப் போ. சைக்கிளு ஓடிச் சாகறதில்ல, பூட்டிக் கெடந்துதான் சாகுது."

உங்கள் சைக்கிளை நீங்கள் ஒருநாளும் பூட்டியதில்லை. முதலில் அதைக் கேட்காமல் எடுத்துப் போனது மூன்றாம் மாடி மலாய் அம்மா, நாம் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர். பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கப் போய்த் திரும்பியவர், நீங்கள் கீழே நிற்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். நானும் அங்கே இருந்தேனே. உங்களுடைய அரைகுறை மலாயில் நீங்கள் சொன்னது இதுதான்: எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க, ஆனா வர்ற வழியில நட்டு, போல்ட்டு, பழைய சாமான் ஏதாவது கிடைச்சா கூடையில போட்டுடுங்க. அவ்வளவுதான். அதோடு புளோக் முழுக்கத் தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போனவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போனவர் என்று யார் உங்கள் சைக்கிளை எடுத்தாலும் கூடையில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் விட்டுப் போவார்கள். உங்கள் கைக்கு வந்து சேர்ந்த சாமான்களில் பாதி அப்படி வந்தவை. இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் தூங்கிய அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அன்றைக்குக் குழம்பைச் சூடு பண்ணிப் பரிமாறும்போதே கேட்டுவிட்டேன். "என்னண்ணே, அண்ணி சைக்கிளைப் போய் பூட்டி வச்சிருக்கீங்க?"

"பூட்டாம?" என்றார். நீங்கள் போனபிறகு அவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "காரியம் முடியறதுக்குள்ள குப்பை போட ஆரம்பிச்சிட்டாங்க லா. கூடை நெறைய. அவ உசுரோட இருந்தா போடுவாங்களா? ஆளு போயிட்டா அவ சாமான் குப்பைத்தொட்டியா?"

"என்ன குப்பைண்ணே?"

"இரு, காட்டுறேன்." சோற்றுக் கையோடு எழுந்து போய், தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மைலோ டின்னை இழுத்து வந்தார். "எல்லாத்தையும் எவிடென்ஸா வச்சிருக்கேன். எவன்னு தெரியட்டும், விட மாட்டேன்."

டின்னைத் திறந்தேன். மேலேயே ஒரு சைக்கிள் மணி, பளபளவென்று துடைத்திருந்தது. அதன் கீழே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெடல். ரப்பர் பேண்டு போட்ட பிரேக் கட்டைகள். எண்ணெய்த் துணியில் சுருட்டி வைத்த செயின், துரு என்பது பெயருக்குக்கூட இல்லை. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கழுவிய போல்ட்டுகள். குப்பையை எந்த ஊரில் துடைத்துக் கழுவிச் சுற்றிப் போடுகிறார்கள் அண்ணி? நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் காரியத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அண்ணன் பயந்துவிட்டார். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். கூடை விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே அவர் கையில் சோறு காய்ந்துவிட்டது.

"அவ எங்கேயோ போய்ப் பொறுக்கிட்டு வர்றாள்னு நெனச்சேன்" என்றார். டின்னுக்குள் எட்டிப் பார்த்து, "அப்ப இதெல்லாம்... அவளுக்காகவா போட்டாங்க?"

"ஆமாண்ணே. நம்ம வீட்டுச் சாவுக்கு எப்படி வரணும், என்ன கொண்டு வரணும்னு அவங்களுக்குத் தெரியல. தெரிஞ்சதைக் கொண்டாந்து போட்டிருக்காங்க."

அண்ணன் அந்த மணியை எடுத்து ஒருமுறை அடித்தார். சின்ன வீடு, சத்தம் எல்லா அறைக்கும் போனது. பிறகு மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். பூட்டுக்குள் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. அண்ணன் மேலே ஓடிப் போய்ச் சமையல் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றி, சாவியோடு மல்லுக்கட்டித் திறந்தார். டின்னில் இருந்த செயினைப் போட்டோம், பிரேக் கட்டைகளை மாட்டினோம். கறுப்பு பெடலின் ரப்பர் தேய்ந்து போயிருந்ததால் புதிதாக வந்ததை மாட்டினோம். சிவப்பைத் தொட நான் விடவில்லை. அதில் என் பெயரல்லவா இருக்கிறது! டயர்களுக்குக் காற்றடித்து, அட்டையை அறுத்துப் போட்ட பிறகும் அண்ணன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?" என்றார்.

"எடுக்கணும்ண்ணே. அதுக்குத்தானே."

"திரும்பி வரலன்னா? அவளோடது லா இது. வேற என்ன இருக்கு எனக்கு?"

கீழே கிடந்த அட்டையைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அவராகவே பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார்.

இன்று காலை போன் வந்தது. "காணோம்" என்றார். "சைக்கிளைக் காணோம். நான்தான் சொன்னேன்ல?" நான் வந்து சேர்ந்தபோது கீழே பெஞ்சில், சைக்கிள் நின்ற காலி இடத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிட எழுந்து வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன் அண்ணி, நிஜமாகத்தான். நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தீர்கள், இவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று.

வெயில் தாழ்ந்தபிறகு மாக்சிக் வந்தார். சைக்கிளில் ஏறி அல்ல, உருட்டிக்கொண்டு. காலையிலேயே பேத்தியின் பள்ளிவரை போனவர் விழா முடியும்வரை அங்கேயே இருந்தாராம், திரும்பும்போது செயின் கழன்றுவிட்டதாம், அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நான் மாட்டிய செயின், வேறெப்படி இருக்கும்? வெயிலில் சிவந்த முகத்தோடு, தாமதத்துக்கு மன்னிக்கும்படி அண்ணனிடம் சொன்னார். பிறகு பையைத் துழாவி எதையோ எடுத்துக் கூடையில் போட்டார். டிங் என்று ஒரு சத்தம்.

அண்ணன் எழுந்து போய்க் கூடைக்குள் பார்த்தார். ஒரு நட்டு, அவ்வளவுதான். அதை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். மாக்சிக்கிடம் "தெரிமா காசே" என்று நன்றி சொன்னபோது அண்ணனின் உதடு கோணியது. மாக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். நான் குனிந்து செயினை மாட்டினேன். அந்தக் கிரீஸ்தான் இது.

அண்ணன் இன்னும் மேலே வரவில்லை. மைலோ டின்னோடு கீழேதான் இருக்கிறார், நட்டுக்குப் பொருந்தும் போல்ட் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு. நான் கை கழுவ மேலே கிளம்பியபோது சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்து என் கைப்பையில் போட்டார். "இதை நீ கொண்டு போயிடும்மா. இங்க இருந்தா நான் மறுபடி பூட்டிடுவேன்" என்றார். நல்ல கனம் அண்ணி, மேலே வருவதற்குள் தோள்பட்டை இழுத்துவிட்டது. இருந்தாலும் ஆங் மோ கியோவரை நான்தான் சுமந்துகொண்டு போகப் போகிறேன்.