பொட்டல டாக்டர்

அத்தா,

இன்று காலை ஆய்வகத்திற்கு ரத்த மாதிரிகள் வந்த பெட்டியைப் பிரித்தேன். பழுப்பு நிற டேப்பின் வாசனை வந்ததுமே உங்கள் ஞாபகம்தான். நீங்கள் துபாயிலிருந்து லீவில் வந்து இறங்கும் நாளில் நம் வீடு முழுக்க இந்த வாசனை இருக்கும்.

மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குச் சாமான் கொண்டு வருவார்கள். நீங்கள் நம் ஊர் கீழ்வேளூருக்கே கொண்டு வந்தீர்கள். கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தனுப்பிய பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவீர்கள். அம்மா திட்டித் தீர்ப்பார்.

"போன்ல எல்லாரும் சுகம்னுதான் சொல்லுவாங்க. பொட்டலம் பிரிக்கும்போது பக்கத்துல இருந்தா உள்ளது தெரிஞ்சிடும்" என்பீர்கள். வழக்கமாகப் பால்பவுடரும் சென்ட்டும் அனுப்பும் ஒருவர் ஒருமுறை தன் பழைய சட்டைகளை அனுப்பியிருந்தார். அவருக்கு வேலை போய்விட்டது என்பது அவர் வீட்டாருக்கு முன்பே உங்களுக்குப் புரிந்துவிட்டது.

இதய அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட்டோடு நீங்கள் ஊரோடு வந்துவிட்ட வருஷம்தான் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடத்திற்கான நேர்காணல். முன்பே இரண்டு முறை என்னை நிராகரித்திருந்தார்கள். வயது வரம்புப்படி இதுவே கடைசி. செல்கள் வெளியே விடும் நுண்பைகளை வைத்து இதய நோயைப் படிக்க வேண்டும் என்றேன்.

"அது செல் கழிக்கிற குப்பை இல்லையாம்மா?" என்று ஒருவர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் பொட்டலக் கதையைச் சொன்னேன். "இதயம் தவிக்கும்போது அதோட செல்கள் அனுப்புற பையில சரக்கு மாறுது சார். ரத்தத்தோட போய் இன்னொரு செல்லைச் சேருது. அங்க நல்லதும் செய்யலாம், கெடுதலும் செய்யலாம். பிரிச்சுப் பார்த்தா இதயம் வெளிய காட்டாததைப் படிக்கலாம். அதைக் குப்பைன்னா எங்க அத்தா சண்டைக்கு வருவாங்க."

சிரித்தவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். இடம் கிடைத்தது.

போனில் சொன்னதும் நீங்கள் அழுதீர்கள். சாயங்காலத்திற்குள் கடைத்தெரு முழுக்க "எம் பொண்ணு பொட்டல டாக்டர்" என்று சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டீர்கள். ஊரில் இன்றும் அதுதான் என் பெயர். பிறகு ஆய்வுக்கு ரத்தம் கேட்டபோது, "எடுத்துக்க, நான் என்னத்தை அனுப்பியிருக்கேன்னு பாரு" என்று கையை நீட்டினீர்கள். உங்கள் இதயம் நின்ற பிறகும் அது அனுப்பியதை நான் படிப்பதை விடவில்லை.

இன்று மதியம் அதே நேர்காணல் மேஜையின் மறுபக்கத்தில் நான் இருந்தேன். பட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் தன் யோசனையைச் சொல்லத் தொடங்கியதும் என் பக்கத்தில் இருந்தவர் உதட்டைச் சுழித்தார். "முழுசா கேப்போம் சார்" என்றேன். கேட்டோம். இடம் அவளுக்குத்தான்.

என் குரலில் இருந்த திமிர் உங்களுடையது, அத்தா. அதை நான் விடுவதாக இல்லை.