மூச்சை இழுத்து விடச் சொன்னாவ

அன்புள்ள அம்மாவுக்கு விஜயராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. உங்க முட்டுவலி தேவலையா? தம்பி ஒழுங்கா சாப்பிடுதானா?

எங்க பனியன் கம்பெனிக்கு மனநல ஆராய்ச்சி மையத்துல இருந்து ரெண்டு மேடம் வந்தாவ. எங்க மனசை ஆராயப் போறாவளாம். கண்ணை மூடி மூச்சை நல்லா இழுத்து விடுங்க, பாரம் இறங்கிரும்னாவ. கட்டிங் டேபிள் பக்கத்துல, பஞ்சுத் தூசி பறக்கிற இடத்துல. இழுத்தோம். எல்லாரும் இருமுனோம். "பாத்தீங்களா, உள்ள இருக்கிற அழுத்தம் வெளிய வருது"ன்னாவ. படிச்ச படிப்பு அப்படி.

அப்புறம் தூக்கம் வருதா, அழுகை வருதான்னு ஒவ்வொருத்தரையா கேட்டாவ. சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "பயப்படாமச் சொல்லுங்க கண்ணு"ன்னாரு. போன தடவை இப்படிக் கேட்டப்ப தூக்கமில்லன்னு சொன்ன முத்துப்பேச்சியை மறுநாளே ஊருக்கு பஸ் ஏத்துனது அவருதான். எல்லாரும் நல்லா இருக்கோம்னோம். இப்படி சந்தோஷமான கம்பெனியைப் பார்த்ததே இல்லன்னு சொல்லி, ஓனர் போட்ட சால்வையோட போயிட்டாவ.

யாராவது இந்தப் பக்கம் வந்தா நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்து விடுங்க. உங்க பழைய சேலை ஒண்ணும். போர்த்திக்கத்தான். துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு சங்கு ஊதிட்டாவ. ஞாயித்துக்கிழமை போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். பக்கத்துல ஹாஸ்டல் வார்டன் நிப்பாவ.

விஜயராணி