மான்குர்த்திலிருந்து வி.டி. வரை ஒரு ஜெபம்

ஆண்டவருக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் எஸ்தர் அக்காவுக்கு,

அங்கேயாவது உனக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். என்னோடு வேலைக்குப் போன ஒன்பது வருஷமும் லோக்கல் ரயிலில் நின்றபடியேதான் வந்தாய். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் இன்னொருத்தியைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, “நின்னாத்தான் எனக்கு ஜெபம் வருது” என்பாய்.

வீட்டில் ஜெபிக்க நமக்கு நேரம் ஏது? நாலரைக்குக் குழாயில் தண்ணீர், ஆறரைக்குள் சோறும் குழம்பும், ஏழு பத்துக்கு ரயில். அதனால்தான் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒருவருக்காக என்று பங்கு வைத்தாய். மான்குர்த்திலிருந்து கோவண்டி வரை நம் பிள்ளைகளுக்காக. கோவண்டி தாண்டி செம்பூர் வரை, பட்டறையில் கால் நசுங்கி வீட்டில் கிடந்த என் வீட்டுக்காரருக்காக. குர்லா நெருங்கும்போது பகைவர்களுக்காக. “இப்ப ஏறப்போறவளுவ காலை மிதிப்பாளுவ. முன்கூட்டியே மன்னிச்சிருவோம்” என்று நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே மெதுவாக ஜெபிப்பாய். நான் உன் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அப்பப்போ “ஆமென்” சொல்வதுதான் என் வேலை. வாய்விட்டு ஜெபிக்க எனக்கு எப்போதும் கூச்சம். சபையில் பாதிரி ஐயர் யாரையாவது ஜெபிக்கச் சொல்லப்போகிறார் என்றால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன், உனக்குத் தெரியாதா?

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. இருபது வருஷமாக நீ ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். நாலு மாசம் நான் மனசுக்குள் கேட்டேன் அக்கா. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து கேட்டேன். அவர் தரவில்லை. செவ்ரி கல்லறைத் தோட்டத்தில் உன்னை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய அன்றோடு கேட்பதை விட்டுவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ஆண்டவர்மேல் கோபம். நம் பெட்டியில் ஏறவே பிடிக்காமல் அடுத்த லேடீஸ் பெட்டிக்கு மாறிவிட்டேன்.

போன திங்கட்கிழமை அந்தப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஓடிவந்து நம் பெட்டியில் ஏறினேன். ஜெபம் இல்லாததால் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். குர்லாவுக்கு அடுத்த சுன்னாபட்டி தாண்டியதும், புர்கா போட்ட ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னை ஒட்டி நின்றாள். மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் பை தைக்கப் போகும் மேலப்பாளையத்துக்காரி. எதிரில் பட்டால் “சாப்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

“ஏ செல்வி, அக்கா போயிட்டா சரி. ஜெபமுமா போயிட்டு? சுன்னாபட்டி தாண்டியாச்சே, எம் புள்ள பாத்திமாவுக்கு யாரு கேப்பா?” என்றாள்.

அவள்தான் மும்தாஜ்! அந்த இடத்தில் நீ தினமும் சொல்வாயே, “மும்தாஜ் மகளுக்கு வலிப்பு வரக் கூடாது ஆண்டவரே” என்று? உன் வார்டில் இருக்கிற ஏதோ நோயாளி என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுற்றிப் பார்த்தேன். பின்னால் மராட்டிக்கார சுனந்தா நின்றாள். “மேரா பேட்டா?” என்று தன் மகனை நினைவூட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். தங்களுக்காக ஜெபிக்கும் ஸ்டேஷன் வரும்போதெல்லாம் இவர்கள் உன் பக்கம் நகர்ந்து வந்து நின்றிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை பேரையா நீ சுமந்துகொண்டு போனாய்?

“எனக்கு ஜெபிக்க வராதுக்கா. அதுவும் கேட்டு என்ன ஆச்சு? எஸ்தர் அக்காவைக் கேட்டேன், தந்தாரா?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? அஞ்சு வேளையும் அல்லாட்ட நானும் அக்காவுக்குத்தான் கேட்டேன். அதுக்காவ எம் புள்ளைக்குக் கேக்காம இருக்க முடியுமா?”

வாயைத் திறந்தேன். “ஆண்டவரே, இவ மக பாத்திமாவுக்கு இன்னைக்கு வலிப்பு வரக் கூடாது” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. சுனந்தா முதுகில் தட்டினாள். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் அவள் மகனை, நீ சொல்வதுபோலவே சொன்னேன். பிறகு ஒவ்வொருத்தியாகக் காதருகே வந்து பெயரைச் சொன்னார்கள், நான் திருப்பிச் சொன்னேன். செவ்ரி ஸ்டேஷன் எப்போது போனது என்றே தெரியவில்லை.

மஸ்ஜித் வந்தது. மும்தாஜ் இறங்கவில்லை.

“எல்லாருக்கும் கேட்ட. ஒனக்கு ஒண்ணும் கேக்கலியே?” என்றாள். எனக்கு வேண்டியது நீதானே? அதை இனி எப்படிக் கேட்பது?

ரயில் கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் நின்றது. நிற்பதற்கு முன்பே குதித்து ஓடுகிற பெண்கள்தான் இவர்கள், ஐந்து நிமிஷம் பிந்தினால் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை அக்கா! ஏற வந்தவர்கள் கத்தினார்கள். சுனந்தா வாசலில் கையைக் குறுக்கே வைத்து, “ஏக் மினிட்” என்றாள். எல்லோரும் எனக்காகத் தலைகுனிந்து நின்றார்கள்.

“எங்க எஸ்தர் அக்காவை எங்களுக்குத் தந்தீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்” என்றேன். நான் யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. அதன்பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. கொஞ்சம் இருக்கிறது. கோபத்தோடேயே கேட்கிறேன், அவர் பொறுத்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் இப்போது செம்பூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன். நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீ கேட்டதுதான்.

நாளைக்கும் ஏழு பத்துக்கு நம் பெட்டியில்தான் நிற்பேன். ஒரு பெயரையும் விடமாட்டேன் அக்கா.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி