பெரிய கேமராவே போதும்

நெய்வேலி, 12.8.1998

அன்புள்ள அம்மாவுக்கு ஆரோனின் ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நேற்று ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். வடக்குத்து பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்டுக்குக் காத்திருந்த சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்களைப் படமெடுத்தேன். அவர்களில் பெரியநாயகி என்ற அம்மாள் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கள படம் புடிச்சிகினு போயி யாருகிட்ட காட்டப் போற? போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் எடுத்தான், ரெண்டு பேருக்கு வேல போச்சு."

ஆசைக்குத்தான் எடுக்கிறேன் என்றேன், யாரும் நம்பவில்லை. அவர் கண்ணெதிரே ஃபிலிமை உருவி, படமெல்லாம் அழியும்படி வெயிலில் காட்டினேன். இதை அதே ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; இன்றும் எல்லார் பார்வையும் என் கேமரா பைமேல்தான்.

"சத்தம் வராத சின்ன கேமரா வாங்குங்க, தெரியாம எடுக்கலாம்" என்கிறார் ரூமில் உடனிருக்கும் செல்வகுமார். தெரியாமல் எடுத்தால் அந்த அம்மாளின் சந்தேகம் உண்மையாகிவிடுமே, அம்மா. எனக்கு இந்தப் பெரிய கேமராவே போதும்.

தூத்துக்குடியிலிருந்து யாராவது வந்தால் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். உங்கள் படம் ஒன்றும் வையுங்கள், என்னிடம் இல்லை.

பஸ் வந்துவிட்டது.

ஆரோன்